முக்காலி

“போன வாரம் வரைக்கும் இந்த நாற்காலியிலதானே அண்ணே உட்கார்ந்தேன்?”

“போன வாரம் உங்களுக்கு வேலை இருந்துச்சு தம்பி,” என்றபடி சர்வர் புகழேந்தியின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜோடியாக வருகிறவர்கள் அந்தக் காப்பிக் கடையின் வாசலிலேயே சம்பளச் சீட்டையும் பட்டத்தையும் காட்ட வேண்டும். அதற்குத் தக்க உயரத்தில் நாற்காலி போடுவார்கள். எட்டு மாதமாகப் புகழேந்தியும் அருள்மதியும் அங்கே ஒரே உயரத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று இன்றைக்குச் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள்.

சர்வர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்ததும் மேசையின் விளிம்பு அவன் நெற்றிக்கு வந்தது.

“எம்.எஸ்ஸி. படிச்சிருக்கேனே அண்ணே?”

“அதுக்குத்தான் முக்காலி. இல்லேன்னா பாய்தான்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். இந்த வாரம் பதவி உயர்வு வந்ததால் எதிரே அவள் நாற்காலி இன்னும் ஒரு சாண் உயர்ந்திருந்தது. மேசைக்கடியில் அவள் செருப்புகள் மட்டும் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. பிறகு அவை ஆடாமல் நின்றன.

அவள் பேசத் தொடங்கினாள். குரல் அவன் தலைக்கு மேலாகவே போய்க்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்டதெல்லாம் டபராச் சத்தம்தான். பக்கத்து மேசைக்காரர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு கீழே அவனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“மதி, இங்கே ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் குனிஞ்சு சொல்லேன்.”