ஐந்தாவது பச்சை

மூன்று வாரமாகச் சிவப்பையே காட்டிக் கழுத்தை அறுத்த பாதுகாப்புச் சோதனை, அன்று மதியம் திரையில் பச்சை காட்டியது. கோடிங்கில் ஓட்டை எதுவும் இல்லை என்று அர்த்தம். எல்லோரும் கைதட்டினார்கள். டீம் லீடருக்கு மட்டும் கால் ஆடுவது நிற்கவில்லை. மருத்துவமனை ஆப் நான்கு மணிக்கு வெளியாக வேண்டும். அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பான செக்யூரிட்டி மேடமோ இன்னும் அனுமதி கொடுத்தபாடில்லை.

“மேடம், மணி மூணே முக்கால்.”

“தெரியுது சார். இன்னொரு தடவை சோதிச்சுப் பார்க்கிறேன்.”

“ஏற்கெனவே நாலு தடவை பார்த்தாச்சு. சிவப்பு வந்தாலும் குத்தம், பச்சை வந்தாலும் குத்தமா?”

“மனசு ஒப்பலை.”

“எங்க வேலையில நொட்டை சொல்லலைன்னா உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே!”

மேடம் பொத்தானை அழுத்தினார். ஐந்தாவது முறையும் பச்சை.

“போதுமா? ஒரு ஓட்டைகூட இல்லை!”

“இருக்கு சார்.” மேடம் நாற்காலியைத் திருப்பினார். “காலையில நானே போட்டு வெச்சேன். சோதனை முழிச்சிருக்கான்னு பார்க்க, ஒரு போலி பாஸ்வேர்டைக் கோடிங்ல அப்பட்டமா எழுதி வெச்சேன். அதையே பிடிக்கலைன்னா சோதனை நடக்கவே இல்லை. யாரோ அதை அணைச்சு வெச்சிருக்காங்க.”

கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யார் அணைச்சிருந்தாலும் பேர் பதிவாகியிருக்கும். இதோ, பார்த்துடலாம்.” மேடம் மவுஸை நகர்த்தினார்.

மதியத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்த டீம் லீடரின் கால் சட்டென்று நின்றது.