ஆரஞ்சு அலாரம்

மனித குலம் நெருப்பைப் பூரணமாக வென்ற இடம் என்று ஒன்று உண்டென்றால், அது வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாம் மாடிதான்.

வென்றவர் சந்திரசேகரன். குடியிருப்போர் சங்கத்தின் தீப் பாதுகாப்புச் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை.

மற்ற வீடுகளில் நாலு மிளகாய் வறுத்தால் போதும், கூரையில் இருக்கும் புகை அலாரம் ஊரைக் கூட்டும். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் வகுப்பெடுப்பார்.

"என் வீட்ல இதுவரைக்கும் ஒரு தடவை அடிச்சதில்ல, தெரியுமா?" என்று முடிப்பார்.

மாதாமாதம் தன் வீட்டு அலாரத்தையும் சோதிப்பார். ஸ்டூலில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். ஆகவே கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கும். அவ்வளவுதான் சோதனை. ஏறி நின்று தூசி துடைப்பது மனைவி ரத்தினம்மாளின் வேலை.

எல்லார் வீட்டிலும் அலாரம் வெள்ளை. இவர் வீட்டில் மட்டும் ஆரஞ்சு. செயலாளர் வீடாயிற்றே, உயர்ரகமாகப் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று நம்பினார்.

இன்று ரத்தினம்மாளுக்குப் பதினாறாம் நாள் படையல்.

அவருக்கு அழுகை வரவில்லை. மயானத்திலும் வரவில்லை. அங்கே மாட்டியிருந்த தீயணைப்புக் கருவி காலாவதியாகி இருந்தது. அது ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

மாலை போட்ட படத்துக்கு முன்னால் இலை விரித்தாயிற்று. கோழி, முட்டை, வடை எல்லாம் வைத்தாயிற்று. சந்தாபுராவிலிருந்து வந்திருந்த மைத்துனி யசோதாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"மாமா, அக்காவுக்குக் கருவாடுன்னா உசுரு. உங்க அலாரத்துக்குப் பயந்து இந்த வீட்ல அவ வறுத்ததே இல்ல. இன்னிக்கு ஒரு நாளாச்சும் அந்தச் சனியன மூடி வைங்களேன்."

அலாரத்தை யாரும், எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது என்று சங்கத்தில் விதி உண்டு. எழுதியவர் சந்திரசேகரன்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். யசோதா ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் பார்த்தபோது அலாரம் ஆரஞ்சாக இல்லை. அதன் மேல் ஒரு ஆரஞ்சு மூடி இருந்தது. 'பொருத்தியதும் இதைக் கழற்றவும்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நெம்பிப் பார்த்தார். உள்ளே எல்லார் வீட்டிலும் இருக்கிற வெள்ளைதான்.

மூடியில் பொட்டுத் தூசி கிடையாது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும்படி துடைத்திருந்தது.

மூடியை இருந்தபடியே அழுத்திவிட்டு, அதன் மேல் பையையும் கட்டினார்.

"மூடியாச்சு" என்று இறங்கினார்.

யசோதா கடைக்குப் போகச் செருப்பைத் தேடினாள். அதற்குள் எதிர்வீட்டு ஐரின் சோபாவிலிருந்து எழுந்து, "வேணாம் ஆன்ட்டி, இருங்க" என்று சமையலறைக்குள் போனாள்.

அவள் எதையும் தேடவில்லை. ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் நேராகக் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். நெத்திலிக் கருவாடு. பாதி காலியாகியிருந்தது.

எண்ணெய் காய்ந்தது. வாசனை ஹாலை நிறைத்தது. அலாரம் சும்மா இருந்தது.

சந்திரசேகரனுக்கு அந்த வாசனை தெரியும். சங்கக் கூட்டம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட் கதவு திறந்ததும் மூக்கில் ஏறும் அதே வாசனை.

அதற்காக அவர் ஐரின் வீட்டுக்கு இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

இரண்டு முறையும் அவள் 'சாரி அங்கிள்' என்று பதில் போட்டிருந்தாள்.