ஜோனாஸ் ஹார்வி என்றொரு வக்கீல்

"அப்பா, உங்க வக்கீலப் பத்திப் புதுசா ஒண்ணு கெடச்சிருக்கு!"

அமெரிக்காவிலிருந்து மகேஷின் குரல். முக்கூடலில் வைத்தியலிங்கம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சொல்லுலே, என்னது?"

"மொத எலெக்ஷன்ல தோத்துட்டாராம். ஆனா விடல. குதிரையிலயே ஊர் ஊராப் போயி ஓட்டுக் கேட்டு, அடுத்த தடவ ஜெயிச்சு வாஷிங்டனுக்கே போயிட்டாரு."

மனைவி ஆவுடைத்தாய் இருந்தவரை அந்தப் போன் அவளுடையது. மணிக்கணக்கில் மகனோடு பேசுவாள். அவள் போன பிறகு, "சாப்பிட்டியா?", "அங்கன மழை உண்டா?" இவ்வளவுதான். அதற்குமேல் இருவருக்கும் பேச வராது. மகேஷ் கூப்பிடுவதும் குறைந்தது. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போனது.

சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற வைத்தியலிங்கம், ஒருநாள் மகனிடம் மெல்லக் கேட்டார். "நூறு வருசத்துக்கு முன்ன உங்க ஊருல ஜோனாஸ் ஹார்வின்னு ஒரு வக்கீல் இருந்தாரு. அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரா ஆனவரு. விசாரிச்சுச் சொல்லுதியா?"

அன்றிலிருந்து ஞாயிறு காலை தவறாமல் போன் மணி அடிக்கிறது.

"வாஷிங்டன்ல அவருக்கு மனசே ஒட்டலயாம்ப்பா," என்றான் மகேஷ். "பொண்டாட்டி செத்துட்டா. மகன் எங்கயோ தூரத்துல இருந்தான். சபை முடிஞ்சா ரூமுக்கு வந்து தனியா உக்காந்திருப்பாராம்."

"மகன் வந்து பாக்கலயா?"

"அவன் அப்பாவ நெனைக்காத நாளே இல்லியாம். அத வாயத் தொறந்து சொல்லத்தான் தெரியல."

"அப்படின்னு எழுதியிருக்கா?"

"ம்... எழுதியிருக்குப்பா. அடுத்த வாரம் மிச்சத்தச் சொல்லுதேன்."

வைத்தியலிங்கம் ரிசீவரை வைத்தார். பேப்பர் வாசிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மையப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"வாராவாரம் கேக்கேன். யாருவே அந்த வக்கீல்? எந்தப் புஸ்தகத்துல படிச்சீரு?"

"எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல வே. பய பேசுததுக்கு ஒரு சாக்கு வேணும்னு நானா உண்டாக்குன ஆளு."

அம்மையப்பன் பேப்பரை மடியில் போட்டார்.

"அப்பம், மகேஷ் இவ்வளவு நாளாச் சொல்லுததெல்லாம்?"

"அதெல்லாம் அவன் உண்டாக்குனது."