முன்சக்கரத்து ஆணிகள்

வடகோடிக் குளிர்காலம்; கொட்டகை வாசலில் மத்தியான வெளிச்சம் அதற்குள் நீலம் பாரித்துவிட்டது. நான்குசக்கர பைக்கின் முன்பக்கத்தை மரக்கட்டைமேல் தூக்கி வைத்து, என் கணவர் ஓவ்லா, பனிக்கட்டியில் வழுக்காமல் பிடிப்பதற்கான ஆணிகளை டயரில் திருகுகிறார். ஒவ்வோர் ஆணிக்கும் டிரில் ஒருமுறை அலறி, ரப்பரைக் கவ்வியதும் முனகி அடங்குகிறது. நான் ஆணி டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். பின்சக்கரங்களுக்குப் போன வாரமே அடித்துவிட்டார். முன்னாலும் அடிக்கும்படி நான் சொன்னபோது சிரித்தார். "தள்ளுறது பின்சக்கரம்தாண்டி. முன்னாடி இருக்கறது சும்மா திரும்பறதுக்கு." நேற்று கலைமான்களை ஓட்டிக்கொண்டு ஏரிச் சரிவில் இறங்கும்போது, ஹேண்டிலை முழுக்கத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. உறைபனியில் நேராக வழுக்கிப் போய்ப் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அவருக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. பின்தட்டில் உட்கார்ந்து வந்த எங்கள் நாய் ரூனே அடியில் மாட்டிச் செத்துப்போனது.

"காபி ஆறுதுங்க. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குன்னு மட்டும் சொல்லாத, ஐலி."

கடைசி ஆணியும் இறங்குகிறது. கட்டையை உருவிவிட்டு வண்டியை முற்றத்துப் பனிக்கட்டிமேல் ஓட்டுகிறார். இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம், வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம், சொன்னபடி கேட்கிறது. ஏரிப் பக்கமாக வண்டியை நிறுத்தி, பார்வையைத் திருப்பாமலே, பின்தட்டில் விரித்த மான்தோலை இரண்டு தட்டுத் தட்டுகிறார். "ஏறுடா."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. தட்டிய கை தோல்மேலேயே கிடக்கிறது.