தொட்டிக்குள் எழுந்த சாட்சி

அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கல்லாகிக் கிடந்த பிராக்கியோபாடுகளை, சிப்பி மாதிரி இரண்டு ஓடுகள் கொண்ட அந்தப் பழங்காலக் கடல் பிராணிகளை, தூத்துக்குடி ஆய்வகம் மறுபடி உயிர்ப்பித்து வளர்த்துவிட்டது. பார்ப்பதற்கு முதல் ஆளாகத் தமயந்தியை அழைத்தார்கள். ஓட்டின் நுனியில் இருந்த ஊசித்துளை ஒன்றை வைத்தே, அவை அதன் வழியே காம்பு நீட்டிப் பாறைமேல் ஊன்றி நின்று வாழ்ந்தன என்று எழுதிப் பெயர் வாங்கியவள் அவள். இல்லை, சேற்றில்தான் கிடந்தன என்றவர்கள் வாதாடித் தோற்று எப்போதோ ஓய்ந்துவிட்டார்கள்.

தொட்டிக்குள் பாறையும் இருந்தது, சேறும் இருந்தது. கூட வந்த கணவர் ஸ்டீபன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒம் பாறையில ஒண்ணையும் காணலியே டாக்டரம்மா! எல்லாம் சேத்துல சொகமா சாஞ்சு கெடக்கு.”

ஆய்வகத் தலைவர் கொரைரா நெளிந்தார். “மேடம், பேப்பர்காரங்க வெளிய நிக்காங்க. தொட்டியில தண்ணி வேகம் சரியில்ல, அதான் சேத்துல கெடக்குன்னு சொல்லிருவோமா?”

தமயந்தி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பிராணி மெல்ல ஓட்டைத் திறந்து தண்ணீர் குடித்தது.

“வேண்டாம் சார். தண்ணி சரியாத்தான் இருக்கு. நான் எழுதுனதுதான் தப்பு. அத நானே சொல்லுதேன்.”

“வெக்கமா இருக்காதாட்டி?” என்றார் ஸ்டீபன் தணிந்த குரலில்.

“எதுக்கு வெக்கம்? என்னைத் தப்புன்னு காட்ட உலகத்துல ஒரு மனுசனால முடியல. செத்துக் கல்லாப் போன ஜீவனே எந்திரிச்சு வர வேண்டியிருந்துச்சுல்லா!”

அவள் தலையை நிமிர்த்தி வாசல் கதவைத் திறந்தாள்.