மழைக்காட்டுக்குக் கடைந்த கப்பி

மண்ணூர்பேட்டை லேத் பட்டறையில், ஒளிப்பதிவாளன் ஜெகன் நீட்டிய செல்போனை ரைஹானா வாங்கிப் பார்க்கிறாள். ஆவணப்படத்துக்காக மழைக்காட்டு மரமொன்றின் அடியிலிருந்து உச்சிக்குக் கேமரா ஏறுகிறது. அதை ஏற்றும் கப்பி அவள் கடைந்து கொடுத்தது. பாசி படிந்த இருட்டு மெல்ல விலகி வெயில் பரவுகிறது. "ஆடவேயில்லையேடா" என்கிறாள். சட்டென்று படம் குலுங்கிக் கவிழ்கிறது. ஜெகன் திரையைத் தொட்டுக் காட்டுகிறான். "நானும் மேலதான் இருந்தேன், என் கயிறு அறுந்துபோச்சுக்கா. கேமரா கயித்தைப் புட்சிகினு உன் கப்பியிலதான் தொங்கினேன். கீழ இருந்தவங்க மெதுவா எறக்கினாங்க. எட்டு கிலோ கேமராவுக்குன்னுதானே கேட்டேன், என்னை எப்டிக்கா தாங்கிச்சு?" அவள் போனில் பட்ட இரும்புத்தூளைத் துடைத்துத் தருகிறாள். "கேமராவ அனுப்பிட்டு நீ கீழ நிக்கிற ஆளா இன்னா? உன்னையும் சேத்துத்தான் கடைஞ்சேன், போடா."