கன்னத்து மச்சம்

கண்ணாடிச் சுவர் வழியாகப் பகல் வெளிச்சம் மேஜையில் விழுகிறது. அங்கே கிடக்கும் பற்பசை விளம்பரத்தில் புகைப்படக்காரனின் மனைவி பளிச்சென்று சிரிக்கிறாள். அவள் இறந்துபோய் எட்டு மாதமாகிறது. படத்தில் அவள் கன்னத்து மச்சத்தைக் காணோம். "விளம்பரத்த நிறுத்தச் சொல்லல மேடம். அந்த மச்சத்த மட்டும் திரும்ப வச்சிரச் சொல்லுங்க" என்கிறான். படங்களை வாங்கி விற்கும் நிறுவனத்தின் அதிகாரி ஒப்பந்தத்தை அவன் பக்கம் நகர்த்துகிறாள். "நீங்க எடுத்த படந்தான் சார். ஆனா என்ன மாத்தம் வேணும்னாலும் பண்ணிக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. விளம்பர எழுத்துக்கு எடம் பத்தலன்னு படத்தையே இடது வலதாத் திருப்பிக்கூடப் போட்டிருக்காங்க." மூலப்படமும் அவனிடம் இல்லை, கொடுத்ததும் அழித்துவிட வேண்டும் என்பதும் ஒப்பந்தம்தான். ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவன் அவளை உட்காரவைத்து எடுத்தது இந்த ஒன்றுதான், அதுவும் விளக்கைச் சரிபார்க்க. கடைசித் தாளில், சம்மதத்துக்கு அடியில், அவள் கையெழுத்து கோணலாக ஓடுகிறது. "இந்த மூஞ்சிய எவன் வாங்கப்போறான்?" என்று சிரித்துக்கொண்டே போட்டது. ஏசி முனகுகிறது. அவன் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து விளம்பரத்தின் மேல் குனிகிறான். அதிகாரி தடுக்கவில்லை; முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பேனா முனை ஒரு கன்னத்துக்கு மேலே போய் நிற்கிறது. பிறகு மறு கன்னத்துக்கு வருகிறது. ஒரு மாதமாகத் தெருவுக்குத் தெரு இந்த முகத்தையே பார்த்திருக்கிறான். மச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போது அவனுக்குத் தெரியவில்லை.